அழிக்க அனுமதி கோருதல் – தொடர்பாக

மிஷின் மேல பழியைப் போட முடியாதுன்னு ஒரு மனுஷன் மேல போட்டாங்க சார். அந்த மனுஷன் நான்தான். நீங்க சும்மா, எங்க வேலை பார்க்கறீங்கன்னுதான் கேட்டீங்க. ஆனா கேட்டுட்டீங்க. பஸ் ஈரோடு போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு, சொல்லிடறேன்.

சிறைத்துறை. தள்ளி உக்காராதீங்க, உள்ள இருந்தவன் இல்ல, ஆபீஸ்ல இருந்தவன். ஹெட் கிளார்க். இப்ப என்னைத் தூக்கிப் போட்டிருக்கறது ஒரு குட்டிக் கிளைச் சிறை. நாலு பல்லி, ஒரு மேஜை, அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி இருந்தது பெரிய ஜெயில். ஊர் பேரு வேண்டாம். அங்க நான் இல்லாம ஒரு காகிதம் நகராது. பெருமைக்குச் சொல்லல, விசாரிச்சுப் பாருங்க. பரமகுரு சார்கிட்ட ஒரு ஃபைலு போச்சுன்னா அது கோயில் உண்டியல்ல போட்ட மாதிரின்னு சொல்லுவாங்க. பத்திரமா இருக்கும்னு அர்த்தம்.

எல்லாம் அந்த ஆல்-இன்-ஒன் மிஷின் வந்த பிறகு வந்த வினை. பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்கேன், ஃபேக்ஸ் எல்லாம் ஒண்ணுலயே. பெட்டியைப் பிரிச்சப்ப எல்லாரும் சுத்தி நின்னு கை தட்டினாங்க. நான் தட்டல. எனக்குத் தெரியும், நாலு வேலை பார்க்கறவன் ஒரு வேலையும் ஒழுங்காப் பார்க்க மாட்டான்.

வந்த புதுசுலயே ஒண்ணு நடந்துச்சு. மத்தியானம் நாங்க சாப்பிடப் போன நேரத்துல மேலாபீஸ்லேர்ந்து ஒரு ஃபேக்ஸ் வந்திருக்கு. ரெண்டு பக்கம். முதல் பக்கம் தட்டுல இருக்கு, ரெண்டாவது பக்கம் பறந்து பீரோவுக்கு அடியில போயிடுச்சு. கூட்டறவங்க கூட்டி அள்ளிட்டாங்க. மெமோ யாருக்கு? எனக்கு! கூட்டினவங்களுக்கு இல்ல, காத்துக்கு இல்ல, எனக்கு. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு சும்மாவா சொன்னாங்க?

அன்னிக்கே முடிவு பண்ணேன். அந்த மிஷின்ல ஒரு வசதி இருக்கு சார். வர்ற ஃபேக்ஸ் எல்லாம் நேரா காகிதத்துல அடிக்காம உள்ள மெமரியில போய் உக்காந்துக்கும். ரகசிய நம்பர் போட்டாத்தான் வெளிய அடிக்கும். நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். காத்துல பறக்காது, எவனும் கூட்டி அள்ள முடியாது. எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்க. சூப்பிரண்டு ஐயாவே, "பரவால்லையே பரமகுரு"ன்னார்.

ஆனா ஒண்ணு. அடிச்சு முடிச்சதும் அந்த மிஷின் கேக்கும். உள்ள இருக்கறதை அழிக்கவா, வேண்டாமான்னு. நான் வேண்டாம்னு அமுக்குவேன்.

ஏன்னு கேக்கறீங்களா? கேளுங்க, கேக்கத்தானே வேணும். கவர்மென்ட் ஆபீஸ்ல ஒரு துண்டுக் காகிதத்தை ஒழிக்கணும்னாலும் அதுக்கு முறை இருக்கு சார். இது ஒரு வருஷம் வெச்சிருக்கணும், இது மூணு வருஷம், இது பத்து வருஷம், இது நிரந்தரம்னு பிரிச்சு, ஆர்டர் வாங்கி, சாட்சி வெச்சு எரிக்கணும். அப்ப மிஷினுக்குள்ள வந்து உக்காந்திருக்கே, அது என்ன? காகிதத்துல அடிச்சது நகல்தானே? உள்ள இருக்கறதுதானே அசல்? அசலை நான் பாட்டுக்கு ஒரு பொத்தானை அமுக்கி அழிச்சுட்டு, நாளைக்கு ஆடிட்டுல வந்து "அசல் எங்கேயா"ன்னு கேட்டா யாரு நிக்கறது?

எங்க ஆபீஸ்ல டைப்பிஸ்ட் ஒரு பொண்ணு, ரெஜினான்னு பேரு. அதுதான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிட்டே இருந்துச்சு, "சார், அதான் அடிச்சு ஃபைல்ல போட்டாச்சே, அழிச்சுடுங்க சார், இடம் ரொம்பிடும்"னு. சர்வீஸ் பண்ண வந்த ஆளும் அதையே சொன்னான். நீ சொல்லுவ தம்பி, விசாரணைன்னு வந்தா நீயா வந்து நிப்பேன்னு கேட்டேன். பையைத் தூக்கிட்டுப் போயிட்டான்.

அதுக்காக நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. முறைப்படி எழுதினேன். 'தொலைநகல் இயந்திரத்தின் நினைவகத்தில் உள்ள ஆவணங்களை அழிக்க அனுமதி கோருதல் – தொடர்பாக.' சூப்பிரண்டு ஐயா அதுல "பேசவும்"னு எழுதித் திருப்பி அனுப்பிச்சார். போய்ப் பேசினேன். "இதுக்கெல்லாமாய்யா ஃபைலு?"ன்னு சிரிச்சார். சிரிக்கறது ஆர்டர் ஆகுமா சார்? ஆகாது. "அப்ப மேலாபீஸ்ல கேட்டுடலாங்களா ஐயா"ன்னேன், "கேளு போ"ன்னார். மேலாபீஸுக்கு எழுதினேன். பதில் இல்ல. நினைவூட்டு அனுப்பினேன், அதுக்கும் பதில் இல்ல. அப்புறம் இன்னொரு நினைவூட்டு. கல்லுல நார் உரிக்கலாம், அவங்ககிட்ட பதில் வாங்க முடியாது.

அது வரைக்கும் இடத்தைக் காப்பாத்தணுமே! காப்பாத்தினேன். தினம் காலையில வந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி, அடுத்தது மிஷின்ல மெமரி எத்தனை சதவீதம்னு பார்க்கறது. மத்த ஜெயிலுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி வெச்சேன், எங்களுக்கு முகப்புப் பக்கம் வெக்காதீங்க, நேரா விஷயத்தை அனுப்புங்கன்னு. கறுப்பு ஜாஸ்தி இருந்தா மெமரி ஜாஸ்தி திங்கும் சார், உங்களுக்குத் தெரியுமா? முத்திரையை லேசாக் குத்துங்கய்யான்னு சொன்னேன். கைரேகை வேண்டாம், போட்டோ வேண்டாம்னு சொன்னேன். போன்ல சிரிப்பாங்க. சிரிக்கட்டும். மத்தவங்கன்னா ரெண்டே மாசத்துல ரொப்பியிருப்பாங்க. நான் ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டினேன், ஒரு பக்கம் அழிக்கல. இதுக்கு எனக்கு மெடல் குடுத்திருக்கணும்.

இப்ப சென்னியப்பனுக்கு வர்றேன்.

சென்னியப்பன் ஆயுள் கைதி. நடத்தை நல்லா இருந்ததால ஆபீஸ் வேலைக்கு விட்டிருந்தாங்க. பெருக்கறது, டீ வாங்கிக் குடுக்கறது, மேஜை துடைக்கறது. அந்த மிஷினையும் அவன்தான் துடைப்பான். சாமி சிலையைத் துடைக்கற மாதிரி மெதுவா, பட்டன் எதுவும் அமுங்கிடாம. நல்ல பையன். பையன்னா, நாப்பதுக்கு மேல இருக்கும். வரப்புச் சண்டையில பங்காளியை வெட்டிட்டு வந்தவன். சித்தப்பன் மகனை. கோவத்துல ஒரு வெட்டு, அவ்வளவுதான், வாழ்க்கை போச்சு. கல்யாணம் கிடையாது, கூடப் பொறந்தவங்க கிடையாது, அப்பன் எப்பவோ போயிட்டார். அம்மா மட்டும்தான். பாவாத்தா. மனு போட்டுப் பார்க்க வர்றப்பல்லாம் இவனுக்கு வறுத்த கடலை கொண்டாரும், நாலு கடலை எனக்கும் குடுக்கச் சொல்லும். "எம் பையனைப் பார்த்துக்குங்க சாமி"ங்கும். நானும் பார்த்துக்கிட்டேன். அவனை ஒரு நாள் அதட்டினது கிடையாது, கேட்டுப் பாருங்க.

அந்தம்மா செத்துப் போச்சு சார். சித்திரை மாசம், நல்ல வெயில். விடிஞ்சதும் அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து தகவல். பக்கத்து வீட்டுக்காரங்க போய்ச் சொல்லியிருக்காங்க. ஒரே மகன், ஜெயில்ல இருக்கான், அவன் வந்து கொள்ளி வெக்கணும், பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும், வெயில்ல அதுக்கு மேல வெக்க முடியாதுன்னு.

நியாயம்தானே? மகன் இல்லைன்னா பங்காளிதான் வெக்கணும். அங்க பங்காளின்னா யாரு? இவன் வெட்டினானே, அவனோட தம்பி, அவனோட மகன். அவங்க வந்து இவன் அம்மாவுக்கு வெப்பாங்களா? வெச்சாலும் இவனுக்கு மனசு ஆறுமா? அதை நினைச்சுத்தான் அவன் ஆடிப் போயிட்டான். அம்மா செத்ததுக்கு அழல சார். "ஐயா, நான் போயிரோணுங்கய்யா, நான் போகலீன்னா அவீக கையில போயிருமுங்கய்யா"ன்னு என் மேஜைகிட்ட நின்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிட்டிருந்தான்.

நான் விட்டுடுவேனா? சூப்பிரண்டு ஐயா வந்ததும் வராததுமா அவனைப் போலீஸ் காவலோட ஊருக்கு அனுப்ப சிபாரிசை டைப் அடிச்சுக் கையெழுத்து வாங்கி, நானே ஃபேக்ஸ்ல மேலாபீஸுக்கு அனுப்பினேன். நானே! அதைப் பின்னாடி விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு வரி எழுதல. அனுப்பிட்டு எஸ்கார்ட் போலீஸுக்குச் சொல்லியாச்சு. வேன் வந்து முற்றத்துல நின்னுடுச்சு. சூப்பிரண்டு ஐயா ஏதோ மீட்டிங்னு கிளம்பிப் போயிட்டார். இவன் உள்ள வர்றப்ப போட்டுட்டு வந்த வேட்டி சட்டையை ஸ்டோர்லேர்ந்து எடுத்துக் குடுத்தாங்க. சட்டை லூசாப் போயிருந்துச்சு, இளைச்சுட்டான்ல. உடுத்திட்டு வந்து மிஷினுக்குப் பக்கத்துல தரையில உக்காந்துக்கிட்டான். ஆர்டர் வந்தா அது வழியாத்தான் வரும்னு அவனுக்குத் தெரியும். அவன் ஊர் எங்க இருக்கு? இந்த ரோட்டுலதான். வேன்ல போனா ரெண்டு மணி நேரம் ஆகாது.

மத்தியானத்துக்குள்ள மேலாபீஸ்லேர்ந்து போன். "சார், ஆர்டர் கையெழுத்தாயிடுச்சு, ஒரே பக்கம், இப்ப அனுப்பறேன்"ன்னார் அங்க இருக்கற கிளார்க்கு. பாருங்க, எப்பவும் பதில் சொல்லாத ஆபீஸு, அன்னிக்கு அரை நாள்ல ஆர்டர் போட்டுட்டாங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. "வருதுடா சென்னி"ன்னேன்.

மிஷின் மணி அடிச்சுது. எடுத்துச்சு. கீச்சுனு ஒரு சத்தம். நின்னு போச்சு. திரையில பார்த்தா, மெமரி ஃபுல்.

காலையில நான் பார்த்தப்ப இடம் இருந்துச்சு சார். கொஞ்சூண்டு, ஆனா ஒரு பக்கம் தாராளமாக் கொள்ளும். நடுவுல எந்தப் புண்ணியவானோ விளையாட்டுப் போட்டி பத்தி ஒரு சுற்றறிக்கையை எல்லா ஜெயிலுக்கும் தள்ளி விட்டிருக்கான். கைதிகளுக்கு கபடி, சாக்கு ஓட்டம், கயிறு இழுக்கறது, அதுக்கு விதிமுறை, படத்தோட. கோட்டு கோட்டா, கட்டம் கட்டமா, ஒரே கறுப்பு. இருந்த இடத்தை அது முழுங்கிடுச்சு.

அந்த கிளார்க்கு திரும்பப் போன் பண்ணார். "போக மாட்டேங்குது சார்"ன்னார். "மறுபடி போடுங்க"ன்னேன். மறுபடி மணி, மறுபடி கீச்சு, மறுபடி நின்னு போச்சு. சென்னியப்பன் ஒவ்வொரு தடவை மணி அடிக்கறப்பவும் எந்திரிச்சு நிப்பான். மிஷின் நின்னதும் என் மூஞ்சியைப் பார்ப்பான். "வந்துருச்சுங்களா ஐயா?" "வரும், உக்காரு." உக்காருவான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, திரையில என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. நானும் சொல்லல. சொன்னா பாவம், பயந்துக்குவான்.

ரெஜினா எந்திரிச்சு வந்துச்சு. "சார், ஒரே ஒரு பழைய ஃபேக்ஸை அழிங்க சார். அந்த சாக்கு ஓட்டத்தை அழிங்க"ன்னுச்சு. "அது இன்னிக்கு வந்த தபாலும்மா, இன்னும் நம்பர்கூடப் போடல"ன்னேன். "அப்ப போன வருஷத்துது ஒண்ணை அழிங்க." "அனுமதி கேட்டு மேலாபீஸ்ல ஃபைலு நிலுவையில இருக்கு, நிலுவையில இருக்கறப்ப நாமளே அழிச்சா அது குத்தமில்லையா?"ன்னேன்.

சும்மா இருந்துச்சா? இல்ல. "ரோட்டு முனையில ஜெராக்ஸ் கடையில ஃபேக்ஸ் இருக்கு சார், அந்த நம்பருக்கு அனுப்பச் சொல்லுங்க, நான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்"ன்னுச்சு. எப்படி யோசனை பாருங்க! ஒரு ஆயுள் கைதியை வெளிய விடற உத்தரவு, ஜெராக்ஸ் கடைக்கு வரணுமாம். ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கும் காதுகுத்துப் பத்திரிகைக்கும் நடுவுல. நாளைக்கு எவனாவது அதே மாதிரி ஒரு போலி உத்தரவை அந்தக் கடையிலேர்ந்து அனுப்பினா? முடியாதுன்னுட்டேன். ஏன் சார் அப்படிப் பார்க்கறீங்க? நீங்க என் நாற்காலியில உக்காந்திருந்தா நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீங்க.

வாட்ஸ்அப்பா? சரியாப் போச்சு. அப்பல்லாம் ஆபீஸ்ல அதை ஒத்துக்குவாங்களா? கையெழுத்து, முத்திரை, எழுத்துல வரணும். இல்லைன்னா ஆள் மூலமா வரணும். மேலாபீஸ் இருக்கறது வேற ஊரு, ஆள் கிளம்பி வந்தா இருட்டிடும்.

ஜெயிலர் வந்தார். முரட்டு ஆளு, ஆனா நல்லவர். "என்னய்யா இன்னும் வண்டி நிக்குது?"ன்னார். விஷயத்தைச் சொன்னேன். "அழிச்சுத் தொலைய்யா!"ன்னு கத்தினார். நான் மரியாதையாத்தான் சொன்னேன், "எழுத்துல குடுங்க ஐயா, இப்பவே அழிக்கறேன்"னு. ஒரு வரி. 'அழிக்கலாம்' அப்படின்னு. பேனாவைக்கூட நீட்டினேன். அவர் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆபீஸ் சமாச்சாரத்துல நான் எதுக்குய்யா கையெழுத்து போடணும்? அது பெரியவர் வேலை"ன்னார். பார்த்தீங்களா? வாயால சொல்ல எல்லாரும் ரெடி. கையெழுத்துன்னா கை நடுங்குது. போறப்ப, "சாமி வரம் குடுத்தும் பூசாரி விட மாட்டேங்கறானே"ன்னு முனகிட்டுப் போனார். யாரைச் சொன்னார்னு எனக்கு இன்னும் தெரியாது. அந்த மேலாபீஸ் கிளார்க்கைச் சொல்லியிருப்பார்.

சூப்பிரண்டு ஐயாவுக்கு செல்லுல அடிச்சோம். மீட்டிங்ல அணைச்சு வெச்சிருந்தார்.

மணி அடிக்கறது நிக்கல சார். அந்த கிளார்க்கும் விடாம போட்டுட்டே இருந்தார், பாவம். மணி, கீச்சு, நின்னு போகும். ஒரு கட்டத்துல சென்னியப்பன் எந்திரிக்கறதை நிறுத்திட்டான். மிஷின் மேல ஒரு கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். துடைக்கறதுக்கு வெப்பானே, அந்த மாதிரி. டீ வந்தப்ப என் டம்ளர்லயே ஊத்தி அவனுக்குக் குடுத்தேன். எந்த ஹெட் கிளார்க்காவது கைதிக்குத் தன் டம்ளரைக் குடுப்பானா? குடிக்கல. ஆறிப் போச்சு. வெயில் சன்னலை விட்டு இறங்கிச் சுவத்துல ஏறுச்சு. அவன் அதையே பார்த்துட்டிருந்தான். "ஐயா, எடுத்துருப்பாங்களாங்கய்யா?"ன்னான். "சீ, அதுக்குள்ள எடுப்பாங்களா"ன்னேன். ரெஜினா தன் மேஜையில தலையைக் கவுத்துக்கிட்டு அழுதுட்டிருந்துச்சு. ஆபீஸ் நேரத்துல.

சூப்பிரண்டு ஐயா வந்தார். வேன் நிக்கறதைப் பார்த்துட்டு நேரா எங்க செக்‌ஷனுக்கே வந்துட்டார். கேட்டார், சொன்னேன். அவருக்கு மூஞ்சி கறுத்துடுச்சு. நான் அந்தப் பழைய ஃபைலை எடுத்துத் தயாரா வெச்சிருந்தேன். அவர் பச்சை மைப் பேனாவை எடுத்து அதுல 'அழி'ன்னு ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு என் மேஜை மேல எறிஞ்சார். எறிஞ்சா என்ன, ஆர்டர் ஆர்டர்தானே! உடனே நம்பரைப் போட்டேன், போன வருஷத்துது ஒண்ணைத் தேடினேன், அழிக்கவான்னு கேட்டுச்சு, ஆமாம்னு அமுக்கினேன். அடுத்த தடவை மணி அடிச்சதும் ஆர்டர் வந்துடுச்சு. ஒரே பக்கம். தெளிவா, ஒரு எழுத்து அழியாம.

அதை நான் கையில எடுக்கறேன், அந்தப் பக்கம் டெலிபோன். அந்த ஊர் ஸ்டேஷன். "எடுத்தாச்சுங்க. வர வேண்டாம்"னுட்டு வெச்சுட்டாங்க.

சூப்பிரண்டு ஐயா தலையில கை வெச்சு உக்காந்துட்டார். அப்புறம் நிமிர்ந்து, "சரி, கிளம்புங்க. போய் அந்த இடத்தையாவது பார்த்துட்டு வரட்டும்"ன்னார். எனக்குத் தர்மசங்கடமாப் போச்சு. ஆனா சொல்லித்தானே ஆகணும்? என் வேலை அது. "ஐயா, ஆர்டர்ல 'இறுதிச் சடங்கில் கலந்துகொள்ள'ன்னுதான் இருக்கு. சடங்கு முடிஞ்சுடுச்சு. இப்ப அனுப்பினா இந்த ஆர்டர்ல அது வராது. வழியில ஏதாவது ஆச்சுன்னா உங்க தலைக்கு வரும்"ன்னேன். அவர் நல்லதுக்குத்தான் சொன்னேன் சார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆர்டரை வாங்கிப் படிச்சார். திருப்பிப் படிச்சார். மேஜையில வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். வேனும் போயிடுச்சு. சென்னியப்பன் வேட்டி சட்டையைக் கழட்டி மடிச்சு ஸ்டோர்ல குடுத்துட்டு, கைதிங்க போடற வெள்ளையை மாட்டிக்கிட்டு பிளாக்குக்குப் போனான். மறுநாள் காலையில மொட்டையடிச்சுக்கிட்டு வந்து ஆபீஸைப் பெருக்கினான். மிஷினைத் துடைச்சான்.

இதுல என் தப்பு எங்க சார் இருக்கு? சொல்லுங்க. அனுமதி குடுக்காதவன் ஒருத்தன், கையெழுத்துப் போடாதவன் ஒருத்தன், சாக்கு ஓட்டம் அனுப்பினவன் ஒருத்தன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

விஷயம் எப்படியோ பேப்பர்ல வந்துடுச்சு. ரெஜினா வேலையாத்தான் இருக்கும், நிரூபிக்க முடியல. விசாரணை வெச்சாங்க. வெளியூர் அதிகாரி ஒருத்தர் வந்தார், கண்ணாடி போட்ட அமைதியான மனுஷன். எல்லாரையும் கேட்டார். கடைசியில சென்னியப்பனைக் கூப்பிட்டார். நானும் அங்கதான் நிக்கறேன், ஜெயிலர் நிக்கறார். "உன்னைப் போக விடாம பண்ணது யாரு? பயப்படாம சொல்லு"ன்னார். சென்னியப்பன் என்ன சொன்னான் தெரியுமா? "ஐயா மேல தப்பில்லீங்க. ஐயா சட்டப்படிதானுங்க செஞ்சாரு." கேட்டீங்களா? பாதிக்கப்பட்டவனே சொல்லிட்டான்! கைதிக்கு இருக்கற நேர்மை மேல இருக்கறவங்களுக்கு இல்ல. நாங்க பக்கத்துல நின்னதாலதான் அவன் அப்படிச் சொன்னான்னு ரெஜினா பின்னாடி சொல்லிச்சாம். பொறாமை.

"வேற ஏதாவது சொல்லணுமா?"ன்னார் அந்த அதிகாரி. சென்னியப்பன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னான். அப்புறம் மெதுவா, "எங்கம்மாவுக்கு யாரு கொள்ளி வெச்சாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லோணுங்கய்யா"ன்னான்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை மாசமா இவனுக்கு யாருமே சொல்லலையா?"ன்னு எங்க பக்கம் திரும்பினார். சொல்றதுக்கு யாரு இருக்கா? அவனைப் பார்க்க வந்துட்டிருந்தது அந்தம்மா ஒண்ணுதான். நான்தான் சொன்னேன், "ஐயா, அந்த விவரம் நம்ம ஃபைல்ல இல்லீங்க. ஸ்டேஷன்லேர்ந்து 'எடுத்தாச்சு'ன்னு மட்டும்தான் தகவல்"னு. சரியான பதில்தானே சார்? இல்லாததை இருக்குன்னு சொல்ல முடியுமா? அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "கேட்டுச் சொல்லுங்க"ன்னார். வாயால. எழுத்துல இல்ல. அறிக்கையிலயும் அதைப் பத்தி ஒரு வரி இல்ல, நான் படிச்சுப் பார்த்தேன். அதுல இருந்ததெல்லாம் என் பேருதான். பரமகுரு, பரமகுரு, பரமகுரு. எனக்கு இன்க்ரிமென்ட் கட், இந்தப் பல்லி ஆபீஸுக்கு டிரான்ஸ்ஃபர். வீட்டுக்காரி ஈரோட்டுல, நான் அங்க. வாரா வாரம் இந்த பஸ்.

நான் அந்த ஜெயில்லேர்ந்து கிளம்பற அன்னிக்கு, டீ டம்ளரை வெச்சுட்டு சென்னியப்பன் போகாம நின்னான். "ஐயா, ஈரோட்டு பஸ்ஸு எங்க ஊரு வழியாத்தானுங்க போவும். ஒருக்கா எறங்கி, யாரு வெச்சாங்கன்னு கேட்டு ஒரு கார்டு போட்டீங்கன்னா புண்ணியமாப் போவுமுங்க. அவீகதான் வெச்சாங்கன்னாலும் சரீங்க. தெரிஞ்சாப் போதுமுங்க"ன்னான். பார்க்கலாம்னேன்.

பார்க்கலாம்னா, எப்படி சார் பார்க்கறது? இறங்கி யாருன்னு சொல்லிக்கறது? அவன் இருக்கற ஜெயில்ல ஹெட் கிளார்க்கா இருந்தவன்னா? பேப்பர்ல பேரு வந்த ஆளுன்னு அடிக்க வந்தா? கைதிக்குக் கார்டு போட்டேன்னு நாளைக்கு அது ஒரு விசாரணையாகும். ஒவ்வொரு வாரமும் வண்டி இங்க நிக்கும். ஒரு டீக்கடை, ஒரு பஸ் ஸ்டாப், அவ்வளவுதான் ஊரு. ஆளுங்க ஏறுவாங்க, இறங்குவாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கற மாதிரி இருப்பேன். தூக்கம் வராது. இதோ, கண்டக்டர் கூவறான் கேக்குதா, ஆலாங்கரடு, ஆலாங்கரடுன்னு? அதான். இந்த ஊருதான்.

சார்? எந்திரிக்கறீங்க? டீயா? டீன்னா நானும்... பையை எதுக்கு எடுக்கறீங்க? சார், நீங்க ஈரோட்டுக்குல்ல டிக்கெட் எடுத்தீங்க? இங்க உங்களுக்கு யாரு இருக்கா? அடுத்த பஸ்ஸு சாயங்காலம்தான் சார். சார், நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே?

யோவ் கண்டக்டர், ஒரு நிமிஷம்யா, விசிலை ஊதாதே! சார்! இந்தப் பக்கம் சார், ஜன்னல்! பால் சொசைட்டிக்குப் பின்னாடி போங்க. ஓட்டு வீடு, வாசல்ல முருங்கை மரம் நிக்குமாம். பாவாத்தா வீடுன்னு கேளுங்க, காட்டுவாங்க. கேக்குதா சார்? என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க!